படத்தோடு என்ன போகிறது?

(முகத்துவாரத்தில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போனிலிருந்து ஒரு படத்தைச் சேர்வருக்கு அனுப்பி, ஊர் பார்க்க வைத்த முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் பிலிப் கான். நாள் 1997 ஜூன் 11. கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் என்ற ஊரின் மகப்பேற்று மருத்துவமனை. மனைவி பிரசவ வலியில் இருக்கிறார். இவரோ ஒரு காசியோ டிஜிட்டல் கமராவையும் ஒரு மோட்டரோலா போனையும் மடிக்கணினியையும் வயர்களால் இணைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அதைச் செய்யவிட்ட மனைவியின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு நடத்தலாம். மகள் சோபி பிறந்தாள். படம் வீட்டிலிருந்த சேர்வருக்குப் போனது. சேர்வர் அதை இணையத்தில் வைத்து, நண்பர்கள், உறவினர், தொழிலில் தெரிந்தவர்கள் என்று ஏறத்தாழ 2000 பேருக்கு மின்னஞ்சலில் அறிவித்தது.

அந்த 2000 பேரும் பிலிப் கானை அறிந்தவர்கள். படத்தில் இருப்பது யாருடைய பிள்ளை, எந்த நாள், எந்த ஊர் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே படம் மட்டும் போனாலே போதுமாயிருந்தது. நம்முடைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து படம் போகும் வழி எவ்வளவோ திருந்திவிட்டது. படத்தோடு என்ன போக வேண்டும் என்ற கேள்வியை மட்டும் நாம் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

முதலில் வழியைப் பார்ப்போம். இங்கே பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் சிலர் செயலி எழுதப் படிப்பவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

போனில் ஒரு வீடியோ நொடியில் திறக்கிறது. அதே போனிலிருந்து ஒரு படம் ஏற்ற, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் கண்ட காட்சி. கம்பனியைத் திட்டுகிறோம், ரீலோட் போதாது என்று நினைக்கிறோம். காரணத்தின் பெரும்பகுதி வேறு. சிக்னல் கோபுரம் நம்மிடம் பேசும்போது பத்துக்கணக்கான வாற்று வலுவில் பேசுகிறது. நமது போன் கோபுரத்துக்குத் திருப்பிப் பேசும்போது, 4ஜி விதிகளின்படி சாதாரண போனுக்குள்ள உச்ச வலு 0.2 வாற்று. அளுத்மாவத்தையின் உள்ளொழுங்கைகளில், தகரமும் கொங்கிறீட்டும் நெருக்கிய ஓர் அறைக்குள்ளிருந்து அந்த 0.2 வாற்று வெளியே வர வேண்டும். கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்கும், நம் குரல் கோபுரத்துக்குக் கேட்பதுதான் சந்தேகம். நாலு பட்டை சிக்னல் காட்டுகிறதே என்றால், அந்தப் பட்டைகள் நாம் கேட்பதைக் காட்டுகின்றன, நாம் கேட்கப்படுவதை அல்ல.

இனிக் கணக்கு. 12 மெகாபிக்சல் கமரா எடுக்கும் படத்தில் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 36 மெகாபைட். 1992 இல் தரமாக வந்த ஜேபெக் முறை அதைச் சுருக்கி மூன்று, நான்கு மெகாபைட்டுக்குள் கொண்டுவருகிறது. மேலேற்றும் வேகம் நொடிக்கு ஒரு மெகாபிற் என்றால், நான்கு மெகாபைட் படம் போக 32 நொடி எடுக்கும். ஓர் அல்பத்தில் 200 படம் இருந்தால் 800 மெகாபைட். டேட்டா காட் போட்டுச் சீவிக்கிற வீட்டுக்கு இது சின்னக் கணக்கு அல்ல.

பல செயலிகள் இதற்காகப் படத்தைப் போனிலேயே சிறிதாக்கி அனுப்புகின்றன. வட்ஸ்அப் பல வருடம் அப்படித்தான் செய்தது. 2023 ஓகஸ்ட்டில்தான் கூடிய தரத்தில் அனுப்பும் ஒரு தெரிவைத் தந்தது. திருமணப் படத்தை மாமிக்குக் காட்ட அந்தச் சிறிய படம் தாராளமாகக் காணும். ஆவணமாக வைக்கக் காணாது. ஆகவே செயலி எழுதுகிற பிள்ளைகள் ஒன்று செய்யலாம். சிறிய படத்தை உடனே அனுப்புங்கள், பெரிய மூலப் படத்தை வைஃபை கிடைக்கும்போது பின்னால் அனுப்புங்கள். இரண்டும் ஒன்றின் இரு வடிவம் என்று சேர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழியில் அறுந்தால் என்ன செய்வது? பழைய முறையில் பாதிவழியில் தொடர்பு போனால் படம் முழுவதையும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். 90 வீதத்தில் அறுந்து மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இப்போது தொடர்ந்தேற்றும் முறைகள் வந்துவிட்டன. டஸ் என்றொரு திறந்த நெறிமுறை அவற்றில் ஒன்று. அதில் போன் சேர்வரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறது: "என்னிடமிருந்து எவ்வளவு வந்து சேர்ந்தது?" சேர்வர் ஓர் இலக்கம் சொல்கிறது. அதற்கு அடுத்த பைட்டிலிருந்து போன் அனுப்புகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். கோட்டையிலிருந்து மட்டக்குளி வரும் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் சிக்னல் எத்தனை தரம் மாறினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? பதிவுத் தபாலில் பெற்றவர் கையெழுத்திட்ட சிட்டை திரும்பி வருகிறதல்லவா, அப்படியொன்று இங்கும் வேண்டும். படத்தின் எல்லாப் பைட்டுகளையும் கணித்து ஒரு கைரேகை எடுக்கலாம். ஷா-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளமிருக்கும். ஒரேயொரு புள்ளி மாறினாலும் கைரேகை முற்றாக மாறிவிடும். போன் ஒன்றைக் கணிக்கிறது, சேர்வர் தன்னிடம் வந்ததை வைத்து ஒன்றைக் கணித்துத் திருப்பி அனுப்புகிறது. இரண்டும் ஒன்றென்றால்தான் "சேர்ந்தது" என்று எழுதலாம். பல செயலிகள் படத்தை வரிசையில் போட்டவுடனேயே பச்சைச் சரி அடையாளம் காட்டிவிடுகின்றன. அதை நம்பி நம் ஆட்கள் போனில் இடம் பிடிக்கிறதென்று படத்தை அழித்துவிடுகிறார்கள். இது நேர்மையில்லாத வடிவமைப்பு. இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. சிலவேளை படம் சேர்ந்துவிடும், சிட்டைதான் வழியில் தொலையும். போன் அதே படத்தை மறுபடி அனுப்பும். சேர்வர் கைரேகையைப் பார்த்து "இது என்னிடம் உண்டு" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரே பாட்டியின் படம் ஐந்து தரம் ஏறி நிற்கும்.

அரசாங்க விண்ணப்பம், பாடசாலை விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்றில் படம் ஏற்றப்போனால், "2 எம்பிக்கு மேல் முடியாது" என்று சொல்லும் பாருங்கள். சட்டமாக்கும் என்று நினைத்துப் பயந்து, கொமியூனிக்கேசன் கடைக்குப் போய் 50 ரூபா, 100 ரூபா கொடுத்துச் சிறிதாக்குகிறோம். பிஎச்பி என்ற மென்பொருளை நிறுவும்போது ஏற்றும் கோப்பின் உச்ச அளவு தானாகவே 2 மெகாபைட் என்று இருக்கும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொன்றில் 1 மெகாபைட். நிறுவியவர் ஒரு வரியை மாற்றினால் 10 ஆகும், 20 ஆகும். சில இடங்களில் யோசித்தே எல்லை வைத்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே இலக்கம் அத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால், யாரோ மாற்றாமல் விட்டதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்று தோன்றுகிறது.

வழியைப் பற்றி இவ்வளவு போதும். படத்தோடு என்ன போகிறது என்பதற்கு வருகிறேன்.

நீங்கள் போனால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. எக்சிஃப் என்பது அதன் பெயர். ஜப்பானிய மின்னணுத் தொழிலமைப்பு ஒன்று 1995 இல் வகுத்த முறை. எந்தக் கம்பனியின் கமரா, எந்த மாதிரி, எந்த நாள், எந்த நொடி, போனை நிமிர்த்திப் பிடித்தீர்களா சரித்துப் பிடித்தீர்களா, எல்லாம் அதில் இருக்கும். இடம் குறிக்கும் வசதி திறந்திருந்தால், நீங்கள் நின்ற இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கூட இருக்கும். ஏற்றிய படம் பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதும் இதனால்தான். போன் படத்தைச் சுழற்றுவதில்லை, "இதைச் சுழற்றிப் பார்" என்று குறிப்பு மட்டும் எழுதுகிறது. அந்தக் குறிப்பை வாசிக்காத சேர்வரில் தாத்தா படுத்தே கிடப்பார்.

2012 டிசம்பரில் ஜோன் மக்காபி என்ற கணினிப் பாதுகாப்பு முதலாளி பெலீஸ் பொலிசாருக்கு மறைந்து திரிந்தார். வைரஸ் தடுப்பு மென்பொருளில் பெயர் இருக்குமே, அவரேதான். அவரைச் சந்தித்த வைஸ் சஞ்சிகைக்காரர்கள் பெருமையோடு ஒரு படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். படத்துக்குள் அவர் நின்ற இடத்தின் ஆள்கூறு இருந்தது, குவாத்தமாலாவில். சில நாளில் பிடிபட்டார். கணினிப் பாதுகாப்பில் பெயர் எடுத்தவருக்கே அந்தக் கதி. பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளையைப் படமெடுத்து, மூலக் கோப்பை அப்படியே பொதுத்தளம் ஒன்றில் ஏற்றினால் என்னென்ன சேர்ந்து போகிறது என்று நீங்களே யோசியுங்கள். பெரிய சமூக ஊடகங்கள் பொதுவில் காட்டும்போது இந்தக் குறிப்பை நீக்கிவிடுகின்றன. ஆனால் தாங்கள் வாசித்த பிறகுதான் நீக்குகின்றன. சின்னச் செயலிகள் நீக்குமா என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. நம் வீடுகளில் பழைய அல்பங்கள் இருக்கின்றன. எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளோடு அல்பங்களும் எரிந்தன. மிஞ்சியவற்றில் சிலதைக் களனி கங்கையின் வெள்ளம் தின்றது. கடற்காற்றின் ஈரம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. முகத்துவாரத்தில் எந்தப் படமும் காகிதத்தில் நூறு வருடம் இருக்காது. ஆகவே பிள்ளைகள் நல்ல எண்ணத்தோடு பாட்டியின் அல்பத்தைத் திறந்து, போனால் ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஏற்றுகிறார்கள். 1962 ஆம் ஆண்டு ஒரு கல்யாணம், யாழ்ப்பாணத்தில் நடந்தது என்று வையுங்கள். அதைப் போனால் எடுக்கிறபோது எக்சிஃப் என்ன எழுதும்? நாள்: போன ஞாயிற்றுக்கிழமை. இடம்: முகத்துவாரம். சேர்வர் அதை நம்பும், ஏனென்றால் சேர்வருக்கு வேறு சாட்சி இல்லை. கூகுள் போட்டோஸில் அந்தக் கல்யாணம் போன வாரத்துப் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் போய் உட்காரும். குறிப்பே இல்லாத படத்தை விடப் பொய்க் குறிப்புள்ள படம் மோசம். ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அது பொய் என்று சொல்ல யாரும் இருக்கப்போவதில்லை.

பெயரில்லாத படம் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. பள்ளியில் எல்லாரும் கோல்புறூக் – கமரூன் சீர்திருத்தம், 1833 என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தக் கமரூனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரூன், 19 ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய படப்பிடிப்பாளர்களில் ஒருவர். இங்கிலாந்தில் டெனிசனை, டார்வினை, வானியலாளர் ஹேர்ஷலை எடுத்தவர். தன் வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியரையும் எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயர் இன்றும் படவரலாற்றில் இருக்கிறது. 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் இருந்தபோது அங்குள்ளவர்களையும் தோட்டத் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 இல் மலைநாட்டில் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. 1877 இல் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மேரியன் நோர்த்தையும் எடுத்தார். அந்தப் படம் மேரியன் நோர்த்தின் படம் என்றே வழங்குகிறது. அதே கமரா, அதே வெளிச்சம், அதே வீட்டு வளவு. ஆனால் நம் ஆட்களின் படங்கள் "களுத்துறைக் குடியானவர்கள்", "இலங்கைப் பெண்" என்ற வகையில்தான் அருங்காட்சியகங்களில் கிடக்கின்றன. அவர்கள் நேரே நம்மைப் பார்க்கிறார்கள், யாருடைய பாட்டன், யாருடைய பூட்டி என்று சொல்ல வழியில்லை. அம்மையாரின் படப்பிடிப்பைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடித் தகட்டில் அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும்.

அன்று ஒரு சீமாட்டி எழுதாமல் விட்டதை இன்று நாமே நம் படங்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

எழுதி வைப்பது என்றால் என்ன என்று பார்க்க விரும்புகிறவர்கள் நூலகம் திட்டத்தைப் பாருங்கள். 1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த நெருப்புக்குப் பின் வந்த தலைமுறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் 2005 இல் தொடங்கியதுதான் இந்த மின்னூலகம். நூல், சஞ்சிகை, பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் ஆவணகம் என்ற தனித்தளமும் வைத்திருக்கிறார்கள். ஒரு நூலின் பக்கம் திறந்தால், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், எத்தனை பக்கம் என்று சின்ன அட்டவணை முன்னால் நிற்கும். வருடுகிற வேலையை ஓர் இயந்திரம் வேகமாகச் செய்யும். அந்த அட்டவணையை எழுத ஆள் உட்கார வேண்டும். சலிப்பான வேலை, கைதட்டல் கிடைக்காத வேலை. அது இல்லாவிட்டால் மின்னூலகம் ஒரு குவியல்.

"சேர்வரில் ஏற்றிவிட்டோம், இனிப் பயமில்லை" என்று யாராவது சொன்னால், மைஸ்பேஸின் கதையைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய சமூகத்தளம். 2019 மார்ச்சில் வெளியே வந்த செய்தி: சேர்வர் மாற்றும்போது, 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டுகள், படங்கள், வீடியோக்கள் போய்விட்டன. நெருப்பு இல்லை, கலவரம் இல்லை, இடம் மாற்றியதில் போயிற்று. இலவசம் என்பதற்கும் ஆயுள் உண்டு. கூகுள் போட்டோஸ் 2015 இல் அளவில்லாமல் இலவசம் என்றது, 2021 ஜூன் முதலாம் திகதியோடு அதை நிறுத்தியது. இங்கே நம் செயலிகளின் படங்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள கணினிகளில்தான் போய் நிற்கின்றன, பெரிய முகில் கம்பனிகளுக்கு இலங்கையில் நிலையம் இல்லை. ஆகவே ஒரு பிரதி வெளியே, ஒரு பிரதி வீட்டில் வன்தட்டில், ஒரு பிரதி வேறு ஊரில் உறவினரிடம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

செயலி எழுதும் பிள்ளைகளே, இந்த ஊரின் பழைய படங்களைச் சேர்க்க ஒரு செயலி எழுத நினைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. 1995 நவம்பரில் செரொக்ஸ் கம்பனியின் இருவர் இணையப் படிவத்தின் வழியே கோப்பு ஏற்றும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றும் நாம் ஏற்றுவதில் பெரும்பகுதி அதன் வழியில்தான் போகிறது. அந்த முறையில் ஒரே அனுப்பலுக்குள் பல பகுதிகள் போகலாம்: ஒரு பகுதியில் படம், இன்னொன்றில் பெயர், இன்னொன்றில் ஆண்டு. எழுதியவர்கள் முதல் நாளே இடம் விட்டிருக்கிறார்கள். நாம்தான் படத்தைப் போட்டுவிட்டு மற்றப் பகுதிகளைக் காலியாக அனுப்புகிறோம்.

உங்கள் செயலி போனின் நாளையும் இடத்தையும் பழைய படத்தின் நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை "பிரதி எடுத்த நாள்" என்று தனியாக வையுங்கள். படம் எடுத்த ஆண்டுக்கு "சுமார்" என்றொரு தெரிவு வேண்டும். சரியான திகதி கேட்டு மறிக்கும் படிவத்தில் பாட்டிமார் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். "தெரியாது" என்பதும் ஒரு மதிப்பான விடைதான், அதற்கும் ஒரு பெட்டி வையுங்கள். உயிரோடிருப்பவர் படத்தில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பாவனையை விட்டுவைக்கிறது, ஆனால் ஊரின் படங்களைச் சேர்க்கும் செயலி வீட்டுப் பாவனை அல்ல.

பின்பக்கத்தையும் எடுங்கள். படத்தின் பின்பக்கத்தைச் சொல்கிறேன். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலால் எழுதிய பெயர், "அன்பு அக்காவுக்கு" என்று மங்கிய மையில் ஒரு வரி. முத்திரையில் "சிலோன்" என்று இருந்தால் பெரும்பாலும் 1972 க்கு முந்தியது. தொலைபேசி இலக்கம் எத்தனை எண் நீளம் என்பதும் காலத்தைச் சொல்லும். முகத்தை மட்டும் ஏற்றி முதுகை விட்டால் பாதிப் படத்தைத்தான் ஏற்றினீர்கள். முன்னும் பின்னும் ஒரே பொருள் என்று செயலி இணைத்து வைக்க வேண்டும், இரண்டு தனிப் படமாக அல்ல.

தட்டச்சு செய்யச் சொன்னால் பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒரு மைக் பொத்தான் வையுங்கள். படத்தை முன்னால் வைத்து, "இது ஆர்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதியுங்கள். பேச்சுக்கான ஓபஸ் முறையில் நொடிக்கு 16 கிலோபிற் வைத்தால், அரை நிமிடப் பேச்சு 60 கிலோபைட்தான். படம் நான்கு மெகாபைட், குரல் அதில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு மோசமான சிக்னலிலும் போய்விடும். ஆகவே குரலை முதலில் அனுப்புங்கள், படத்துக்குரிய அதே இலக்கத்தோடு. படத்தைப் பிறகு ஏற்றலாம், அது பெட்டகத்தில் இன்னும் கொஞ்ச நாள் கிடக்கும்.